ஒலிக்குறிப்புச் சொற்களும் இலக்கண மரபும்: பொதியில் அடிவாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், விதுராவுக்கு அப்பால் மலைச்சாலை சென்று முடியும் இடத்தில் போனக்காடு அமைந்துள்ளது. ஆங்கிலேயர் காலத்தில் உருவான தேயிலைத் தோட்டமே இவ்வூரின் அடையாளம். அகத்தியர்கூடம் எனப்படும் 1868 மீட்டர் உயரமுள்ள கொடுமுடிக்கு ஏறுவோர் கேரளப் பக்கத்தில் இங்கிருந்தே நடைபயணத்தைத் தொடங்குகின்றனர். கொடுமுடியின் கிழக்குச் சரிவு திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்தது. தாமிரபரணி அப்பக்கம் பிறக்கிறது. மேற்குச் சரிவில் மலையாளம் பேசும் ஊர்கள் உள்ளன. தோட்ட லயங்களில் தமிழ்க் குடும்பங்களும், சுற்றியுள்ள காடுகளில் தமிழோடும் மலையாளத்தோடும் நெருங்கிய உறவுடைய பேச்சினையுடைய காணிக்காரரும் வாழ்ந்து வந்துள்ளனர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது தெற்கேயுள்ள தமிழ் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெடுமங்காடு கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை இவ்வாறு வகுக்கப்பட்டதேயன்றிச் செவிப்புலனின் எல்லை வகுக்கப்படவில்லை. அருவி வீழ்வதையும் மழை பொழிவதையும் மணி குலுங்குவதையும் சுட்டும் சொற்களிற் பல இம்மலையின் இருபுறத்தும் ஒன்றாகவே இருக்கின்றன.

இவ்வொற்றுமை வரலாற்று மொழியியலில் ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கிறது. இரு மொழிகள் ஓரினத்தன என்று நிறுவ முற்படுவோர் ஒலிக்குறிப்புச் சொற்களைச் சான்றுப் பட்டியலிலிருந்து முதலில் விலக்கிவிடுவது வழக்கம். காக்கையின் குரலைக் கேட்டு ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மக்கட்குழுவினர் ஒத்த பெயரை இட்டுவிடக்கூடும் என்பதே காரணம். விலக்குவது முறையே. ஆயின் விலக்கப்பட்டவை வரலாற்றுக்கு எவ்வகையிலும் பயன்படாதவை என்று கொள்வது முறையன்று. உறவை நிறுவ உதவாத அச்சொற்கள் மொழியில் நிகழ்ந்த ஒலிமாற்றங்களின் காலவரிசையை உணர்த்த வல்லன என்பதையும், தமிழ் இலக்கண மரபு அவற்றை மொழியின் விளிம்பில் நிறுத்தியபோதும் மொழிக்குப் புறம்பாக்கவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

இசை, குறிப்பு, பண்பு

பொதியில் முனிவராகிய அகத்தியர் இயற்றியதாகக் கூறப்படும் அகத்தியம் முழுநூலாகக் கிடைக்கவில்லை. அவர் பெயரால் உரைகளில் காணப்படும் சில நூற்பாக்களைக் கொண்டு இப்பொருளில் எதையும் துணிய இயலாது. எனவே ஆராய்ச்சி தொல்காப்பியத்திலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது.

தொல்காப்பியத்தில் இச்சொற்களுக்கெனத் தனி இயல் இல்லை. அவை நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கும்போதுதான் ஆசிரியர் கருத்து புலனாகும். உரியியலின் முதல் நூற்பா இசை, குறிப்பு, பண்பு என்னும் மூன்றின்கண் தோன்றுவனவாக உரிச்சொல்லை வரையறுக்கிறது. இடையியல், ‘என’ என்னும் சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறனையும் தழுவி வரும் என்கிறது. கிளவியாக்கம் இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என விதிக்கிறது. எழுத்ததிகாரத்தின் இறுதிப்பகுதியோ, இம்மூன்று வகையிலும் தோன்றி நெறிப்பட வாராதவற்றைக் ‘குறைச்சொற் கிளவி’ எனப் பெயரிட்டு, புணர்ச்சி விதிகளுக்கு உட்படாதவற்றுள் சேர்க்கிறது.

‘குறைச்சொல்’ என்பது இழிவுப் பெயர் போலத் தோன்றினும் அவ்வாறு பொருள்கொள்ளத் தேவையில்லை. நிலைமொழி வருமொழி எனப் பகுத்து விதி கூறுதற்கு வேண்டிய நிறைவு அவற்றுக்கு இல்லை என்பதே அதன் கருத்தெனலாம். ‘ஒல்லொலித்தது’ என உரையாசிரியர் காட்டும் சொல்லில் ‘ஒல்’ என்பது பெயருமன்று, வினையுமன்று. அதைத் தனியே நிறுத்தி வேற்றுமையோ விகுதியோ ஏற்ற இயலாது. ‘என’ என்னும் இடைச்சொல்லோ வினை விகுதியோ வந்து சேர்ந்தபோதுதான் அது தொடருக்குள் நுழைகிறது. ஓசையைத் தொடருக்குள் கொணரும் வாயில் எது என்று சுட்டியதிலேயே தொல்காப்பியரின் நுட்பம் விளங்குகிறது. பிறர் கூற்றை எடுத்துரைக்கும் அதே ‘என’ இயற்கையின் ஓசையையும் எடுத்துரைக்கிறது. அவன் வந்தேன் என்றான், அருவி இழுமென்றது. இரண்டற்கும் தொடரமைப்பு ஒன்றே.

இரட்டைக்கிளவி பற்றிய நூற்பா கிளவியாக்கத்தில் இடம்பெற்றமையும் ஈண்டு நோக்கத்தக்கது. அவ்வியல் வழுவும் வழாநிலையும் கூறுவது. இரட்டித்து வருவதில் பாதியை மட்டும் கூறுவது வழு என்று காப்பதற்காகவே அவ்விதி அங்கே வைக்கப்பட்டது. ஒரு சொல் பொருள் மிகுதிக்காகவோ விரைவுக்காகவோ அடுக்கி வருவதாகிய அடுக்குத்தொடர் எச்சவியலில் வேறாகக் கூறப்படுகிறது. ‘பாம்பு பாம்பு’ என்பதில் ஒன்றை நீக்கினாலும் பாம்பு எஞ்சும். ‘சலசல’ என்பதில் ஒன்றை நீக்கினால் எஞ்சுவது சொல்லாகாது. நன்னூலார் இவ்விதியை மாற்றமின்றி ஏற்றுக்கொண்டார்.

இந்நூற்பாவிற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகளை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோவதுண்டு. அவை நின்று நோக்கத்தக்கவை. இசைக்குச் சுருசுருத்தது, மொடுமொடுத்தது. குறிப்பிற்குக் கொறுகொறுத்தார், மொறுமொறுத்தார். பண்பிற்குக் குறுகுறுத்தது, கருகருத்தது எனக் காட்டுவர். இவற்றுள் ‘மொறுமொறுத்தார்’ சினமுற்று முணுமுணுப்பவரைக் குறித்தது. இன்றைய வழக்கில் ‘மொறுமொறு’ என்றால் தோசையும் முறுக்குமே நினைவுக்கு வருகின்றன. ஓசையின் வடிவம் ஏறக்குறைய அப்படியே நிற்க, அது சுட்டும் பொருள் குறிப்பிலிருந்து இசைக்கு நகர்ந்துவிட்டது. ஒலியைப் போன்மை செய்யும் சொல் ஒலியோடு பிணைந்திருப்பதால் மாறாது என்னும் பொதுக்கருத்தை இந்த ஒரு சொல்லே ஐயத்துக்குள்ளாக்குகிறது.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயற்கையானதா, இடுகுறியா என்னும் வினா இதனோடு இயைந்தது. சுவிட்சர்லாந்து மொழியியலறிஞர் சசூரின் விரிவுரைகள் 1916இல் நூலாக வந்தபோது, குறிக்கும் குறிக்கப்படுபொருளுக்கும் இடையே இயற்கைத் தொடர்பில்லை என்னும் கோட்பாடு நிலைபெற்றது. ஒலிக்குறிப்புச் சொற்களை அவர் சிறுபான்மையென்றும், அவையும் மொழிதோறும் வேறுபடும் வழக்கு வடிவங்களே என்றும் ஒதுக்கினார். தொல்காப்பியர் உரியியலில் சொற்பொருளின் காரணம் விளங்கத் தோன்றாது என்கிறார். காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. அதே இயலின் தொடக்கத்தில் இசையை ஒரு தோற்றுவாயாக வைத்த ஆசிரியர், இயலின் இறுதியில் அவ்வாறு கூறியிருக்கவும் இயலாது.

ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளை ஆராய்ந்த டோக் 1935இல் ‘ஐடியோஃபோன்’ என்னும் கலைச்சொல்லை இவ்வகைச் சொற்களுக்கு வழங்கினார். யப்பானிய மொழி நூலார் ஓசையைப் போன்மை செய்வனவற்றை ‘கியொங்கோ’ என்றும், ஓசையில்லா நிலையைக் காட்டுவனவற்றைக் ‘கிதைகோ’ என்றும் பிரிப்பர். தமிழ் மரபின் இசை, குறிப்பு என்னும் பகுப்போடு இப்பிரிவு ஒத்திருத்தல் வியப்புக்குரியது. இதைக்கொண்டு இனவுறவு பேசுதல் பொருந்தாது. ஒரே வகைத் தரவை எதிர்கொண்ட இரு மரபுகள் ஒரே பிரிவுக்கோட்டைக் கண்டன என்பதே அளவு.

மலையின் ஓசைகள்

ஓசையைச் சொல்லாக்க இரு வழிகள் உண்டு. ஒன்று அதற்குப் பெயரிடுதல்; மற்றொன்று அதைப் போன்மை செய்தல். உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கும் அரவப்பொருளன எனப்படுகின்றன. இவை பெயரிடும் வகை. சங்கப் பாடல்களில் வரும் ஒல்லென, கல்லென, துடுமென என்பன போன்மை வகை.

பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வகை ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்த தொடரே நூலின் பெயராயிற்று. ஓசைக்காகப் பெயர்பெற்ற நெடும்பாட்டு தமிழில் இதைப்போல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. அருவியில் குடைந்தாடுவோர் எழுப்பும் இன்னிசை, முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகை, புலி பாய்ந்த கணவரின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாடல், விடரில் வீழ்ந்த குட்டிக்காக மந்தி செய்யும் பூசல் என ஓசைகளின் வரிசை நீள்கிறது. நவிரமலையைப் பற்றிய இவ்வரிசையைப் பொதியிற் காடுகளுக்கும் பொருத்திக் காணலாம். அங்கும் அருவியும் யானையும் மந்தியும் உண்டு.

ஆயின் ஒன்று கருதத்தக்கது. ஓசைக்காகவே அமைந்த அப்பகுதியில் புலவர் பெரிதும் கையாள்வது பெயரிடும் வகையையே. இன்னிசை, அழுகை, பாடல், பூசல், குரல் என ஓசை யாருடையது, எதனால் எழுந்தது என்பதைச் சொல்லி நகர்கிறார். ஓசையின் காரணம் கூறப்படும் இடத்தில் போன்மை தேவைப்படவில்லை. கணநேரச் செயலைக் காட்டவேண்டிய இடத்தில் நிலைமை வேறு. புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார், இளமையில் மடுவில் குதித்து ஆடியதை முதுமையில் நினைவுகூர்கிறார். அங்கே நீரில் பாய்ந்த ஓசை ‘துடும்’ என ஒலிக்கிறது. இருமலுக்கிடையே பேசும் முதியவரின் கூற்றில் அவ்வொரு சொல் இளமையின் விரைவை மீட்டுத் தருகிறது. பெயர்ச்சொல் எதுவும் இப்பணியைச் செய்திருக்காது.

‘இழுமென்’ என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. திருமுருகாற்றுப்படையின் முடிவில் பழமுதிர்சோலையின் அருவி இழுமென இழிகிறது. தொல்காப்பியச் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாகிய ‘தோல்’ என்பதை விளக்கும்போது மொழிநடைக்கு அதே ‘இழுமென்’ அடையாகிறது. நீர் வீழும் ஓசை, தடையின்றி ஒழுகும் இனிய சொன்னடைக்குக் கலைச்சொல்லாக உயர்ந்துள்ளது. குறைச்சொல் எனப்பட்ட வகையைச் சார்ந்த ஒன்று செய்யுட்கோட்பாட்டில் இடம்பெற்றது என்பது இச்சொற்களைக் குழந்தை மழலையாகக் கருதும் பிற்கால மனப்போக்கு பண்டு இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகும்.

‘நள்ளென்’ என்பது எதிர்முனையில் நிற்கிறது. குறுந்தொகையில் பதுமனார் பாடலும் நெடுநல்வாடையும் நடுயாமத்துக்கு இதை அடையாக்குகின்றன. யாவும் அடங்கிய பொழுதுக்கு என்ன ஓசை? செவி எதையும் கேளாதபோது தன்னுள் கேட்கும் ஒன்றை அச்சொல் சுட்டுவதாகக் கொள்ளலாம். இசை குறிப்பாக மாறும் எல்லை இதுவே. நள்ளிரவு என்னும் இன்றைய வழக்கில் அவ்வோசையை நினைப்பவர் இலர்.

செவியும் கிலுகிலுப்பையும்

போனக்காட்டில் அருகருகே வழங்கும் தமிழும் மலையாளமும் காலவரிசை பற்றிய வினாவுக்கு நல்ல தளமாகின்றன. இரண்டற்கும் பொதுவான பழைய ஒலிமாற்றம் ஒன்றும், மலையாளத்துக்கே உரிய பிற்கால மாற்றம் ஒன்றும் இவ்வினாவிற்கு இன்றியமையாதன.

இ, எ முதலிய முன்னுயிர்களுக்கு முன் சொல் முதலில் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று. கன்னடத்தில் கிவி, தமிழிலும் மலையாளத்திலும் செவி. கன்னடத்தில் கெம்பு, தமிழில் செம்மை. பின்னே வளைநா ஒலி வருமிடங்களில் இம்மாற்றம் தடைப்பட்டது. அதனாலேயே கிளி, கேள் என்பன ககரத்தோடு நிற்கின்றன. சங்க நூல்களில் செவி என்னும் வடிவமே காணப்படுதலின் இம்மாற்றம் அவற்றுக்கு முற்பட்டது.

இவ்விதிப்படி கிலுகிலு, கிசுகிசு, கீச்சு என்பன சகரமாக மாறியிருத்தல் வேண்டும். இவற்றில் வளைநா ஒலி இல்லை. ஆயினும் அவை ககரத்தோடே நிற்கின்றன. குழந்தையின் கையில் இருப்பது இன்றும் கிலுகிலுப்பைதான். மலையாளத்திலும் அவ்வோசை கிலுக்கமே. இ. அண்ணாமலை 1968இல், எமனோ மணிவிழா மலரில், திராவிட மொழிகளில் ஒலிக்குறிப்புச் சொற்கள் ஒலிமாற்றத்தை எதிர்த்து நிற்பதை ஆராய்ந்தார். எதிர்த்து நிற்றல் என்பதை இருவகையாக விளக்கலாம். ஓசையோடு உள்ள பிணைப்பால் அச்சொற்கள் மாற்றத்துக்கு ஆட்படாதிருந்தன என்பது ஒன்று. மாற்றத்தில் அவையும் சிக்கின, பின்னர் மக்கள் ஓசையைக் கேட்டு மீண்டும் புதிதாகப் படைத்துக்கொண்டனர் என்பது மற்றொன்று.

இவற்றுள் எது பொருந்தும் என்பதை நோக்க மலையாளத்தின் பிற்கால மாற்றம் துணைசெய்கிறது. ஏ. ஆர். ராஜராஜவர்மா கேரள பாணினீயத்தில், தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட நெறிகளாக ஆறனை வகுத்தார். அவற்றுள் முதலாவது அனுநாசிகாதிபிரசரம். மெல்லின மெய்யை அடுத்த வல்லினம் தானும் மெல்லினமாதலே அது. மாங்காய் மாங்ங ஆகும். முழங்கு, சிணுங்கு, குலுங்கு என்பன முழங்ஙுக, சிணுங்ஙுக, குலுங்ஙுக என வழங்கும். ஓசை பற்றிப் பிறந்த இவ்வினைகள் ஒன்றுகூட இம்மாற்றத்தை எதிர்க்கவில்லை. கிலுங்கு என்பதும் அவ்வாறே கிலுங்ஙுக ஆயிற்று.

இந்த ஒரு சொல்லில் இரு மாற்றங்களின் சுவடும் உள்ளன. முதலில் நிற்கும் ககரம் பழைய மாற்றத்தை ஏற்கவில்லை. இடையில் நின்ற ககரம் புதிய மாற்றத்தை ஏற்றுள்ளது. எனவே எதிர்ப்பு என்பது சொல்லின் பிறவிக்குணமன்று. இரட்டித்து ஒலிக்கும் குறைச்சொல்லாக நிற்கும்வரை அது செவியின் ஆட்சியில் உள்ளது. விகுதி ஏற்று வினையானபின் மொழியின் பொதுவிதிக்கு உட்படுகிறது. தொல்காப்பியர் புணர்ச்சிக்குக் கூறிய வரம்பு ஒலிமாற்றத்துக்கும் பொருந்துகிறது எனலாம். கிலுங்கு என்னும் வினை, பழைய மாற்றம் முடிந்தபின், கிலுகிலு என்பதிலிருந்து உருவாகியிருக்க வேண்டும் என்பதும் இதனால் உய்த்துணரப்படும். கிலுகிலு உடன் வழங்கியதால் அதன் ககரம் காக்கப்பட்டது என்று மறுப்போர் கூறக்கூடும். அம்மறுப்பும் குறைச்சொல்லின் ஆற்றலையே மெய்ப்பிப்பதாகும். ஒரு சொல்லைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் கூடாது என்பது உண்மை. இவ்வகைச் சொற்கள் அனைத்தையும் இரு மொழிகளிலும் நிரல்படுத்தி ஆராய்தல் வேண்டும்.

மொழிமுதல் எழுத்து பற்றிய விதியும் இங்கு நினைக்கத்தக்கது. அகரத்தோடு கூடிய சகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியப் பாடம். அந்நூற்பாவின் பாடவேறுபாடு பற்றிய விவாதம் தனி. டகரம் முதலாகாது என்பதில் விவாதமில்லை. இன்று பெருவழக்காக உள்ள சலசல, சடசட, டமடம, டும்டும் என்பன இவ்விலக்குகளை மீறியே தொடங்குகின்றன. வேற்றுமொழிச் சொற்கள் வந்து மொழிமுதல் விதியைத் தளர்த்தின என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். உள்ளிருந்தே அக்கதவைத் திறந்தவற்றுள் ஒலிக்குறிப்புச் சொற்களும் உண்டு என்பதை நூலோர் போதிய அளவு கருதவில்லை.

அகராதிகளும் தோட்டப் பேச்சும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) இச்சொற்களைப் புறக்கணிக்கவில்லை. ஆயின் அவற்றைத் தலைச்சொல்லாக்க அதன் பதிப்பாசிரியர்கள் கையாண்ட உத்தி கூர்ந்து நோக்கத்தக்கது. ஒல்லெனல், கல்லெனல் என ‘எனல்’ சேர்த்தே பதிவு செய்தனர். பெயராகவோ வினையாகவோ நில்லாத சொல்லை அகரவரிசையில் நிறுத்த, இடையியல் காட்டிய அதே ‘என’ வாயிலாயிற்று. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் இரு பதிப்புகளும் (1961, 1984) இவற்றுக்கு இடமளித்தன. எமனோ 1969இல் எழுதிய கட்டுரையில், இவ்வகை இரட்டைச் சொற்கள் திராவிட மொழிகளுக்கும் இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் பொதுவாதலை எடுத்துக்காட்டி, இந்தியாவை ஒரு மொழியியல் வட்டாரமாகக் கொள்வதற்கு இதுவும் சான்று என்றார். உறவை நிறுவ உதவாது என விலக்கப்பட்டவை, அண்டை வாழ்வை நிறுவ உதவின.

இவ்வகராதிகளுக்கு அடிப்படை பெரிதும் ஏட்டுவழக்கும் சமவெளிப் பேச்சுமே. தோட்டத் தமிழின் கொழுந்து, கங்காணி, லயம் முதலிய தொழிற்சொற்கள் ஆய்வாளர் கவனத்தைப் பெற்ற அளவு, அம்மக்கள் மழைக்கும் மண்சரிவுக்கும் விலங்கின் நடமாட்டத்துக்கும் வழங்கும் ஒலிக்குறிப்புகள் பெறவில்லை. காட்டோரத்தில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடுகள் அணியல்ல. மூங்கில் முறியும் ஓசை யானையின் வரவைக் காட்டுவது. போனக்காட்டில் தோட்டம் நலிவுற்று, தேயிலை ஆலை இயங்காது நின்றபின், குடும்பங்கள் பல வெளியேறின. அவர்களோடு வெளியேறும் சொற்களில் இவை எளிதில் மறைவன. ஏனெனில் இவற்றை எவரும் சொல் என்று எண்ணிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில்லை. எழுத்தில் பதிவதும் போதாது. ‘டும்’ என்பதில் முதலொலி வல்லொலியா மெல்லொலியா என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது. இரட்டிப்பின் வேகத்தையும் ஏற்றத்தையும் எந்த எழுத்தும் காட்டாது. ஒலிப்பதிவே இவற்றுக்குரிய ஏடாகும்.

காணிக்காரர் வழக்கிலிருந்து ஒரு சான்று கூறலாம். அவர்தம் சாற்றுப்பாட்டுச் சடங்கில் பற்கள் வெட்டிய இரும்புக் குழலை இரும்புக் கோலால் உரசி ஒலியெழுப்புவர்; அக்கருவியின் பெயர் கொக்கரை. தேவாரத்தில் இறைவனின் ஆடலோடு இயைந்த கருவிகளுள் கொக்கரை என்னும் பெயர் வருகிறது. பேரகராதி அதற்கு வலம்புரிச் சங்கு எனவும் பொருள் தருகிறது. ஊதும் சங்கும் உரசும் இரும்பும் ஒரே கருவியாதல் இயலாது. கருவி மாறியும் பெயர் நின்றது எனலாம். அல்லது இரு கருவிகளின் கரகரத்த ஓசை தனித்தனியே ஒரே பெயரைப் பெற்றது எனலாம். கோழிக்கு நாம் வழங்கும் ‘கொக்கரித்தல்’ என்னும் வினை இரண்டாவது கருத்துக்குச் சார்பாக நிற்கிறது.